வண்டி விளக்கும் வழிப்போக்கர் கண்ணும்

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தவன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒருவன் பிடித்து வந்த விளக்கினால் கண் கூசி, எதிரே வந்த வேறொருவன் பள்ளத்தில் விழுந்த கதையை அவர்கள் சொன்னதில்லை. அக்கதை நம் கண்முன்னே நடந்தது. விளக்கைப் பிடித்து வந்தவரும் நாமே. ஆகையால் அதனை மறைக்காமல் எழுதுவதும், மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை மாற்ற எண்ணியிருக்கும் அன்பர்கட்கு நாம் பட்டறிந்த செய்திகளைக் கூறுவதும் நம் கடமை எனக் கருதுகின்றோம்.

பழைய கோலத்தில் புதிய வண்டி

சில ஆண்டுகளாகப் பழைய சாயல் கொண்ட மோட்டார் சைக்கிள்களின் மீது நம்மவர்க்குப் பெருவிருப்பம் பிறந்திருக்கின்றது. உருண்டு திரண்ட பெட்ரோல் டாங்கி, பளபளக்கும் குரோமியம், முகத்தில் பொட்டு வைத்தாற்போல் வட்டமான ஒற்றை விளக்கு, இவற்றைக் கண்டால் நடுவயதினரும் நின்று பார்க்கின்றனர். நம் சங்கக் கூட்டம் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாயிலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும்.

இதில் தமிழராகிய நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வண்டிகள் நாடெங்கும் சென்றன. தாய்நாடாகிய இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோயிற்று, திருவொற்றியூரில் நிற்கவில்லை. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் எழுந்தன. 2018-இல் ஜாவா என்னும் பழம்பெயர் மீண்டும் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020-இல் ஹோண்டா நிறுவனமும் பழைய கோலத்தில் ஒரு வண்டியை இங்கு வெளியிட்டது. கரக்பூரில் வங்காள நண்பர்கள் புல்லட்டைச் சுட்டி, "இது உங்கள் மதராஸ் வண்டி அல்லவா?" என்று கேட்கும்போது, அதை நாமே செய்து அனுப்பியதுபோல் தலையசைப்பது நம் வழக்கம்.

நம்மிடம் இருப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த வண்டியே. அது எந்த நிறுவனத்தது என்பதைக் கூறப் போவதில்லை, கூறவும் வேண்டியதில்லை. வேறொருவர் எட்டு ஆண்டுகள் ஓட்டிய பிறகு நாம் விலைக்கு வாங்கினோம். எட்டு மழைக்காலம் கண்ட வண்டியில் ஒயர்களும் இணைப்புகளும் தளர்வது இயல்பு. ஆகவே கீழே வரும் குறைகளை வண்டியின் வயதின்மேலும் நம் அறியாமையின்மேலும் ஏற்றிப் படிக்க வேண்டுகின்றோம்.

காசாய்ப் பாலத்து இரவு

நமக்குக் கரக்பூர் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, குடியிருப்பதோ மிட்னாப்பூரில். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை முன்னிட்டு அங்கே வீடு பிடித்தோம். பிற்பகல் முறை இரவு 10 மணிக்கு முடியும். இந்தாவையும் சௌரங்கியையும் கடந்து, நெடுஞ்சாலையில் ஏறி, காசாய் ஆற்றுப் பாலத்தின் வழியே வீடு வந்து சேர வேண்டும். லாரிகள் ஓயாது ஓடும் சாலை அது. விளக்கில்லாச் சைக்கிள்களும், வைக்கோல் ஏற்றிய வேன்ரிக்‌ஷாக்களும், டோட்டோ என்று இவ்வூரார் வழங்கும் மின்சார ரிக்‌ஷாக்களும், தமக்கே சாலை சொந்தம் என்று படுத்திருக்கும் மாடுகளும் அதே சாலையில்தான் உண்டு.

ஒரு தை மாதத்து இரவில் ஆற்றின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்தது. பாலத்தைக் கடந்து சிறிது தூரம் வந்திருப்போம். நம் வண்டியின் விளக்கு, அணையப்போகும் குத்துவிளக்கைப்போல் மஞ்சளாகச் சாலையைத் தடவிக்கொண்டிருந்தது. திடீரென்று எதிரே ஒரு சுவர் எழுந்து நின்றது. பிரேக்கை முழுவலிமையோடு பிடித்தோம். வண்டி ஆடி நின்றபோது முன்சக்கரத்திற்கும் அச்சுவருக்கும் இடையே ஒரு முழ தூரம் இருந்தது. சுவர் என்று நாம் கண்டது வைக்கோல் ஏற்றிய வேன்ரிக்‌ஷா. அதை மிதித்தவர் நடந்தது எதையும் அறியாமல் தம்போக்கில் சென்றார்.

வீட்டிற்கு வந்து உறக்கம் கொள்ளவில்லை. எழுந்து தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகின்றது. கண் கண்டதை மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஒரு வினாடி முதல் ஒன்றரை வினாடி ஆகும்; அதற்குள் 17 முதல் 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த நல்ல சாலையில்கூட மேலும் 28 மீட்டர் ஓடியே நிற்கும். ஆக, 45 முதல் 53 மீட்டர் தூரம் வேண்டும். நம் விளக்கோ 30 மீட்டருக்கு அப்பால் ஒன்றையும் காட்டவில்லை. பனியை அஞ்சி நாம் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம். அவ்வேகத்தில் நிற்பதற்கு 23 முதல் 29 மீட்டர் போதும். அந்த முழ தூரத்தின் வரலாறு இதுவே. வழக்கமான வேகத்தில் வந்திருந்தால் இக்கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது.

சாலையில் சிதறிய பொரி

மறுநாளே கடைக்குச் சென்றோம். நம் வண்டியில் இருந்தது எச்-4 என்னும் வகையைச் சேர்ந்த 60/55 வாட் ஹாலஜன் பல்ப். கடைக்காரர் அதே வடிவத்தில் 100/90 வாட் பல்ப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதைப் போடுங்கள், சூரியனையே கட்டிக்கொண்டு போகலாம்" என்றார். பொதுச்சாலையில் பயன்படுத்தத் தக்கதன்று என்று அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை நாம் பிறகே படித்தோம்.

மூன்று வார காலம் நம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. மைல்கற்களின் எழுத்துகூடத் தொலைவிலிருந்தே தெரிந்தது. எதிரே வரும் லாரிகள் நம்மை நோக்கி விளக்கை மினுக்கிச் சென்றதை, நம் வண்டியின் அழகை மெச்சுவதாகவே எண்ணிக்கொண்டோம்.

மாசி மாதத்தில் ஓர் இரவு, பாலத்திற்கு இப்புறத்தில், சாலையோரமாக முதியவர் ஒருவர் சைக்கிளில் எதிரே வந்தார். பின்கட்டில் பெரிய மூட்டை. நாம் விளக்கை டிம்மில் வைத்தே சென்றோம். நம் கடமை அத்துடன் முடிந்ததென்று எண்ணம். அவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார், சைக்கிள் வளைந்தது, மறுகணம் சாலையின் விளிம்பு தாண்டிப் பள்ளத்தில் சாய்ந்தார்.

ஓடிச்சென்று தூக்கினோம். நல்லவேளையாக முழங்கையில் சிராய்ப்பும் இடுப்பில் வலியும் தவிர வேறொன்றும் நேரவில்லை. சைக்கிளின் கைப்பிடி திரும்பியிருந்தது. மூட்டை அவிழ்ந்து, இப்பக்கத்தார் மிக விரும்பும் பொரி முழுவதும் கொட்டிக்கிடந்தது. நாம் விலை கொடுத்து வாங்கிய ஒளியில் ஒவ்வொரு பொரியும் முத்துப்போல் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வெளிச்சம் வைத்திருக்கின்றீர்களே பாபு, என்னைப் பார்க்கவில்லையா?" என்றார்.

பார்த்தோம் என்பதே உண்மை. தூரத்திலிருந்தே நன்றாகப் பார்த்தோம். அவர்தாம் நம்மையும் சாலையையும் காண முடியாதவராக இருந்தார். பொரியின் விலையைக் கொடுத்தோம், சைக்கிளை நேராக்கினோம், அவர் வீட்டுத் திருப்பம் வரை உடன் சென்றோம். அவர் நம்மை ஒரு வசைச் சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் சற்று இலேசாகியிருக்கும்.

அதே வாரத்தில் வண்டியின் முகப்பிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. விளக்கைக் கழற்றிப் பார்த்தால், பல்பைத் தாங்கும் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி, ஒயரின் மேலுறை கறுத்துப் போயிருந்தது.

பெரியவர் கற்பித்த பாடம்

நம் சங்கத்தில் ஒரு பெரியவர் இருக்கின்றார். இரயில்வேயின் மின்சாரப் பகுதியில், பெட்டிகளுக்கு விளக்கு அமைக்கும் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். உருகிய ஹோல்டரை அவரிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, பெரிய பல்பாகப் பார்த்து மாட்டினீர்களே, அதற்குப் போகும் மின்சாரத்தை அளந்தீர்களா?"

"இல்லை, ஐயா."

"பசியால் வாடும் பிள்ளைக்குப் பெரிய தட்டு வாங்கிவந்த கதைதான்" என்று சிரித்தார்.

மீட்டரை எடுத்துவந்து, பழைய 60/55 வாட் பல்பையே மீண்டும் பொருத்தி, இஞ்சினை ஓடவிட்டு அளந்தார். பாட்டரியின் முனையில் 13.8 வோல்ட் இருந்தது. பல்பின் ஹோல்டரிலோ 12.1 வோல்ட் மட்டுமே. மீதி 1.7 வோல்ட், மெல்லிய ஒயரிலும் துருவேறிய இணைப்புகளிலும் தேய்ந்த டிம்-பிரைட் சுவிட்சிலும் வெப்பமாகச் செலவாகிவிட்டது.

இங்கே அன்பர்கள் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். பல்பின் ஒளி வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதனினும் மிக விரைவாகக் குறைகின்றது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி பத்தில் மூன்று பங்கு குறையும். நம் வண்டியில் இழப்பு எட்டில் ஒரு பங்கு. ஆகையால் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே தொலைந்தது. பல்பின்மேல் ஒரு குற்றமும் இல்லை. 100 வாட் பல்பைப் போட்டதும் அதே மெல்லிய ஒயரில் 5 ஆம்பியருக்குப் பதிலாக 8 ஆம்பியர் ஓடியது, ஹோல்டர் உருகியது.

ரிலே என்னும் உதவியாள்

இதற்குப் பரிகாரமாகப் பெரியவர் கூறியது ரிலே. இரயில்வேயில் இருப்போர்க்கு இப்பெயர் புதிதன்று; சிக்னல் அமைப்புகள் எல்லாம் இதனை நம்பியே இயங்குகின்றன. சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரு மின்சாரத்தைத் திறக்கவும் அடைக்கவும் செய்யும் கருவி அது. அதிகாரி மணியடித்தால் பியூன் எழுந்து கனமான கதவைத் திறப்பதைப் போன்றது என்று கொள்ளலாம்.

முன்பு விளக்கின் முழு மின்சாரமும் கைப்பிடியிலுள்ள சுவிட்ச் வரை சென்று திரும்பிற்று. இப்போது பாட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று, 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக நேரே ரிலேக்குச் சென்று, அங்கிருந்து பல்பை அடைகின்றது. சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் செய்கின்றது. அதற்கு ஓர் ஆம்பியரில் சிறு பங்கே போதும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். ஃப்யூஸைப் பாட்டரிக்கு மிக அருகிலேயே வைத்தல் அவசியம். இல்லையேல் வழியில் ஒயர் உராய்ந்து தீப்பிடித்தால் தடுப்பார் இல்லை. உருகிய பிளாஸ்டிக் ஹோல்டருக்குப் பதிலாகப் பீங்கான் ஹோல்டர் போட்டோம். எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மீண்டும் அளந்தபோது ஹோல்டரில் 13.5 வோல்ட் வந்தது. அதே பழைய பல்ப், சட்ட வரம்புக்கு உட்பட்ட அதே 60/55 வாட், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளி தந்தது. புதிய பல்பை வாங்கும் முன்னர், உள்ள பல்புக்கு உரிய உணவு கிடைக்கின்றதா என்று பார்ப்பதே முதற்படி என்பதை அன்று உணர்ந்தோம்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் முன்விளக்கு பாட்டரியிலிருந்து மின்சாரம் பெறுவதில்லை. இஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே ஏ.சி. மின்சாரமாகப் பெறுகின்றது. இஞ்சினின் வேகத்திற்கு ஏற்ப விளக்கு ஏறி இறங்கினால், அவ்வகையோ என ஐயுறலாம். அத்தகைய வண்டியில் மேற்கண்டவாறு ரிலே வைத்தால் பாட்டரி விரைவில் வற்றிப்போகும். நல்ல மெக்கானிக்கைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே கைவைக்க வேண்டும்.

பல்பின் உள்ளே

எச்-4 பல்பின் உள்ளே இரண்டு இழைகள் உண்டு. ஒன்று பிரைட்டுக்கு, மற்றொன்று டிம்முக்கு. குறித்த வோல்ட்டில் பிரைட் இழை 1650 லூமன் அளவும், டிம் இழை 1000 லூமன் அளவும் ஒளி தர வேண்டும் என்பது வகுக்கப்பட்ட தரம். டிம் இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்து, பின்னுள்ள பளபளப்பான ரிஃப்ளெக்டரின் மேற்பாதிக்கு மட்டும் ஒளியை விடுகின்றது. மேற்பாதியில் பட்ட ஒளி தாழ்ந்து சாலையில் விழுகின்றது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அவ்வளவு சிறிய கிண்ணந்தான்.

ஆகையால் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிறிது விலகினாலும் இக்கணக்கு முழுதும் பிழைத்துவிடும். மட்டமான பல்புகளில் இப்பிழை உண்டு. பல்பை மாற்றும்போது கண்ணாடிப் பகுதியை விரலால் தொடுதலும் கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகச் சூடாகிப் பல்ப் விரைவில் கெடும். ரிஃப்ளெக்டர் மங்கியோ துருப்பிடித்தோ இருந்தால், எப்பல்பைப் போட்டும் பயனில்லை. அதைத் துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சு கீறிப் போகும். விளக்கையே மாற்றுதல் நலம். முன்கண்ணாடியின் அழுக்கைத் துடைப்பதற்கோ ஒரு காசும் செலவில்லை.

எல்.இ.டி. வேண்டுமா?

இளைஞர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும்; நெடுநாள் உழைக்கும். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது; ஆதலின் மின்சாரச் சிக்கனம் ஒரு நல்ல காரணமே.

ஆயினும் ஹாலஜன் பல்புக்கென்று வளைக்கப்பட்ட ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவது வேறு, எல்.இ.டி.க்கென்றே அமைத்த முழுவிளக்கைப் பொருத்துவது வேறு. முன்னதில், மெல்லிய இழை இருந்த இடத்தில் தட்டையான ஒளிச்சில்லுகள் அமர்கின்றன. இடம் சற்றே மாறினால், ஒளி தாழ்ந்து விழாமல் நாற்புறமும் சிதறுகின்றது. ஓட்டுபவருக்கு அருகிலுள்ள சாலை பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது, எதிரே வருபவருக்கோ ஒன்றுமே தெரியாது. இதன் வெப்பம் பின்புறமாக வெளியேற வேண்டியிருப்பதால், வட்ட விளக்கின் நெருக்கமான கூட்டினுள் காற்றோட்டமின்றி விரைவில் கெடுவதும் உண்டு.

பின்னதாகிய முழுவிளக்கு 7 அங்குல வட்ட அளவிலும் கிடைக்கின்றது. வண்டியின் பழைய முகமும் மாறாது. வாங்கும்போது அது இடப்புறம் செல்லும் நாட்டிற்கு உரியதா என்று பார்க்க வேண்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென்று செய்த சில விளக்குகளில் டிம் ஒளி வலப்பக்கம் உயர்ந்திருக்கும். அந்நாடுகளில் அது சாலையோரத்தைக் காட்டும். நம் நாட்டில் எதிரே வருபவரின் கண்ணில் நேரே பாயும். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு கட்டுகின்றது. முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண் கூசாதபடி தாழ்ந்திருக்க வேண்டும் என்று விதிகளும் கூறுகின்றன. வண்டி நிறுவனமே தன் வண்டிக்கென்று தரும் விளக்கானால் இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. நாமோ ஹாலஜனோடு நின்றுவிட்டோம். நம் சாலைக்கு அது போதுமானதாக இருக்கின்றது.

சுவரில் ஒரு கோடு

விளக்கை நேர்செய்தலே எல்லாவற்றிலும் பெரிய செய்தி. அம்முதியவர் விழுந்ததற்கு 100 வாட் பல்ப் பாதிக் காரணமே. விளக்கு மங்கலாக இருந்த காலத்தில், தூரம் தெரியட்டும் என்று அதனை நாமே சற்று மேல்நோக்கி நிமிர்த்தி வைத்திருந்தோம். புதிய பல்பைப் போட்டபோது அதைத் தாழ்த்த மறந்தோம். டிம்மில் வைத்தும் ஒளி அவர் கண்ணுக்கு நேரே சென்றது.

நேர்செய்யும் முறை எளிது. டயர்களில் உரிய காற்று இருக்கட்டும். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, சுவருக்கு நேராக வண்டியை நிறுத்த வேண்டும். நாம் ஏறி உட்கார, மற்றொருவர் விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்கட்டியால் கோடு கிழிக்கட்டும். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கோடு. டிம் விளக்கைப் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். விளக்கின் உயரம் 90 சென்டிமீட்டர் எனில், இச்சரிவில் அதன் ஒளி 90 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். மேலே கண்ட கணக்கில் வேண்டியது 53 மீட்டரே. ஆகவே 7 சென்டிமீட்டர் வரை தாழ்த்தினாலும் குறைவில்லை. பின்னிருக்கையில் மனைவியோ மூட்டையோ ஏறினால் வண்டியின் பின்புறம் அமிழ்ந்து விளக்கு மேல்நோக்கும். வழக்கமாக இருவர் செல்வோர் இருவருமாக அமர்ந்தே நேர்செய்ய வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுச் சாக்கட்டி, நேரம் கால்மணி.

எதிர்த் தடத்து வண்டி

பனிமூட்டத்தில் பிரைட் போடுவதால் பயனில்லை. ஒளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகின்றது. டிம்மில் வைத்து வேகத்தைக் குறைப்பதொன்றே வழி. எதிரே வண்டி வந்தால் டிம் செய்யும் வழக்கத்தை நாம் புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. இரட்டைத் தடத்தில் எதிரே வண்டி வருகின்றபோது, இஞ்சின் ஓட்டுநர் தம் பெருவிளக்கைத் தாழ்த்துவதை நிலையத்தில் இருப்போர் நாள்தோறும் காண்கின்றோம். ஆயிரம் பயணிகளை இழுத்துச் செல்பவர் செய்யும் மரியாதையை, இரண்டு சக்கரத்தில் செல்லும் நாம் செய்யக் கூடாதா? சைக்கிளில் வருபவருக்கும் நடந்து வருபவருக்கும் அதே மரியாதை உரியது. அவர்களிடம் திருப்பி மினுக்க விளக்கில்லை என்பதற்காக, அவர்கட்குக் கண்ணும் இல்லை என்று ஆகிவிடாது.

நாம் பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்தவர்கள். இவ்வூர்ச் சாலையில், இவ்வூரார் நடுவே, அவர்கள் பொரியையும் நம் சோற்றையும் உண்டு வாழ்கின்றோம். அதிகாரிக்கு முன்னும் அண்டை வீட்டாருக்கு முன்னும் பணிவாக இருப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றோம். இருட்டில், முகம் தெரியாத இடத்தில் காட்டும் பணிவையும் சேர்த்துச் சொல்லித் தருதல் வேண்டும்.

சித்திரையில் ஓர் இரவு, அதே பாலத்திற்கு இப்புறம், அதே முதியவர் மூட்டையோடு எதிரே வந்தார். மாசிமாத நிகழ்ச்சிக்குப் பிறகு மோட்டார் வண்டி எதிர்ப்பட்டாலே அவர் சைக்கிளை விட்டிறங்கி ஓரமாக நின்றுவிடுவதை இருமுறை கண்டிருந்தோம். அவ்விருமுறையும் நமக்குத் தலைகுனிவாக இருந்தது. அன்று டிம் செய்து, வேகத்தைக் குறைத்துச் சென்றோம். அவர் இறங்கவில்லை. மிதித்துக்கொண்டே நம்மைக் கடந்து சென்றார். வண்டியை ஓட்டுபவர் இன்னார் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

விளக்கை மாற்ற எண்ணும் அன்பர்கள் கடைக்குப் போகுமுன், இன்று இரவே ஒரு சுவரின் முன் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டுமென்பதே நம் வேண்டுகோள். சாக்கட்டி இல்லையேல் சங்கத்துப் பள்ளியில் கிடைக்கும்.